வேல் ஒட்டிய பாட்டில்

அத்தியாயம் 4

ஜொகூரின் உலு திராமில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் 'தங்கராஜு, தனியார் துப்பறிவாளர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகையைப் படித்தவர்கள், ஆள் துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். கண்ணாடி உண்டு, பேப்பர் படிப்பதற்கு. துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மாத்திரை பாட்டில்கள் இருக்கும். இத்தனை வருஷத் தொழிலில் அவரை விரட்டிப் பிடித்த ஒரே எதிரி, அவருடைய சொந்த இடது கெண்டைக்கால்தான். படுத்தால் பிடிக்கும். படியேறினால் பிடிக்கும். வாடகை கேட்டு டயர் கடைக்காரர் மேலே வந்தால் மட்டும் பிடிக்காது. அப்போது ஓடத்தான் சொல்லும்.

அன்று காலை பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தொடர்வீட்டின் முன்னால் காரை நிறுத்திய தங்கராஜு, ஒரு பாட்டிலைத் திறந்து, பொன்னிறத்தில் பளபளத்த வைட்டமின் டி கேப்சூல் ஒன்றை எடுத்து, பிரசாதம் போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"வெள்ளை மாத்திரை எங்க போஸ்?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த லோஷினி.

"மேக்னீசியமா? அது ராத்திரிக்கு. ரெண்டையும் சேத்துப் போட்டா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடுமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு."

"யாரு அனுப்புனா?"

"என் மச்சான்."

"கொசு கடிச்சா சுகர் குறையும்னு அனுப்புனாரே, அந்த மச்சானா?"

தங்கராஜு பாட்டிலை மூடி பேண்ட் பைக்குள் போட்டார். லோஷினி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். பெல்ட்டில் வரும் சாமானில் கோணலைக் கண்டுபிடித்துப் பழகிய கண், இப்போது முதலாளியிடம் கோணலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. சாமான் தீர்ந்துபோகும் என்ற கவலையே அவளுக்கு இல்லை.

வழக்கு மாத்திரை சம்பந்தப்பட்டதுதான். அந்த வீட்டுப் பெரியவர் விசுவலிங்கம். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், உள்ளூர் முருகன் கோயிலின் முன்னாள் தலைவர். மனைவி இல்லை. ஒரே மகள் சுபத்திரா தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு வங்கிக்குப் போய்வருகிறாள். பகலில் பெரியவரைப் பார்த்துக்கொள்வது செல்வராணி, லாயாங் லாயாங் என்ற சிற்றூரிலிருந்து ஏஜென்சி வழியாக வந்து அந்த வீட்டிலேயே தங்கியிருப்பவள்.

பெரியவர் கால் பலமில்லாமல் குளியலறையில் ஒருமுறை சறுக்கி விழுந்தார். டாக்டர் வைட்டமின் டியும் மேக்னீசியமும் எழுதிக் கொடுத்தார். முதல் ரத்தப் பரிசோதனையில் டி ஏறியிருந்தது. தீபாவளி கழிந்து சில வாரங்களில் எடுத்ததில் இறங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் இறங்கிவிட்டது. பாட்டில்கள் மட்டும் கணக்குத் தப்பாமல் காலியாகிக்கொண்டிருந்தன. அப்படியானால் மாத்திரை யார் வயிற்றுக்குப் போகிறது? நேற்று செல்வராணியின் கைப்பையில் ஒரு பொன்னிறக் கேப்சூல் கிடைத்ததும், சுபத்திராவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரவே தங்கராஜுவைக் கூப்பிட்டு, அந்தக் கேப்சூலை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள உறுதியாச் சொல்லிடுங்க மிஸ்டர் தங்கராஜு. அவதான்னா அப்பவே ஊருக்கு அனுப்பிடுவேன். ஏஜென்சிக்கும் சொல்லிடுவேன். இனிமே ஒரு வீட்டுலயும் அவளைச் சேக்கமாட்டாங்க."

"சாயங்காலம்னா எப்ப மேடம்?"

"பாலத்துல ஜாம் எவ்வளவுங்கிறதைப் பொறுத்து."

ஜொகூரில் ஒரு பெண்ணின் பிழைப்பு பாலத்து ஜாமை நம்பி நிற்பது புதிதில்லை. ஆனால் ஜாம் நீளவேண்டும் என்று தங்கராஜு வேண்டிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

பெரியவருக்குச் சந்தேகம் வராமலிருக்க, ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பெட்டியைச் சர்வீஸ் செய்ய ஆள் வருவதாகச் சொல்லி வைத்திருந்தாள் சுபத்திரா. தங்கராஜு வேஷத்துக்காகக் கீழ்க்கடையில் ஒரு டீ-சட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். நெஞ்சில் பெரிதாக ஒரு டயர் படம்.

கதவைத் திறந்த விசுவலிங்கம் அந்த டயரைச் சிறிது நேரம் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, நிமிர்ந்த முதுகு. ஃபைலில் பிழை கண்ட அதிகாரியின் பார்வை.

"இப்ப டயர் கம்பெனிக்காரரும் ஏர்கோன் பாக்கினமோ?"

"ரெண்டும் காத்து சம்பந்தப்பட்ட வேலைதானே ஐயா," என்றாள் லோஷினி.

பெரியவருக்கு அந்த விளக்கம் நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். "ஓம், வாங்கோ," என்றவர், சட்டென்று முகம் மாறி, பேப்பரை எடுத்துக்கொண்டு வேகமாகக் கழிவறைப் பக்கம் நடந்தார்.

தங்கராஜு கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஏர்கோனின் மூடியைக் கழற்றினார். அதற்குள்ளிருந்த தூசியெல்லாம் இத்தனை நாளும் இவருக்காகவே காத்திருந்தது போல முகத்தில் கொட்டியது.

"அண்ணே, நீங்க ஏர்கோன்காரர் இல்லதானே?"

கீழே காப்பித் தட்டோடு செல்வராணி நின்றிருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். கண் வீங்கியிருந்தது.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஏர்கோன்காரங்க மொதல்ல சுவிட்சை அடைப்பாங்க. நீங்க அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ள கையை விடுறீங்க."

தங்கராஜு ஸ்டூலிலிருந்து இறங்கிய வேகத்தில் கெண்டைக்கால் லேசாக முனகியது.

சமையலறைக் கதவோரம் ஜிப் போட்டு மூடிய ஒரு துணிப்பை நின்றது. அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"சுபத்திரா அக்கா நேத்தே சொல்லிட்டாங்க. ஐயாவுக்கு இன்னும் தெரியாது. நான் திருடலண்ணே. ஆனா ஊர்ல போய் எறங்குனா, ஸ்டேஷன்லேருந்து வீடு வரைக்கும் எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஏன் திரும்பி வந்துட்டேன்னு கேப்பாங்க. பெரியவரோட மருந்தைத் திருடிட்டேன்னா சொல்றது?"

"பையில கெடந்த கேப்சூல்?"

"எப்படி வந்துச்சுன்னு தெரியலண்ணே."

சொல்லும்போது அவள் பார்வை ஒரு நொடி பின்கதவுக்குப் போய்த் திரும்பியது. தங்கராஜு பேண்ட் பையிலிருந்து சுபத்திரா கொடுத்த பிளாஸ்டிக் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். லோஷினி எட்டிப் பார்த்தாள்.

"மண்ணு ஒட்டியிருக்கு போஸ். பாட்டில்லேருந்து திருடுனா மண்ணு எப்படி ஒட்டும்? நம்ம பாட்டில்ல ஒங்க பேண்ட் பை நூல்தான் ஒட்டியிருக்கும்."

செல்வராணி ரசத்தைக் கிளறப் போய்விட்டாள். ரசம் கொதிக்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

சமையலறை அலமாரியில் பெரியவரின் இரண்டு பாட்டில்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மேக்னீசியம் சாதாரணமாக இருந்தது. வைட்டமின் டி பாட்டிலின் பின்பக்கம் சின்னதாக ஒரு வேல் ஸ்டிக்கர், கோயில் திருவிழாவில் கொடுப்பது.

"முருகன் டிக்கு மட்டும்தான் அருள் குடுப்பாரா?" என்றாள் லோஷினி. "பாவம், மேக்னீசியம் என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஐயாதான் ஒட்டுனாரு," என்றாள் செல்வராணி. "போன கந்த சஷ்டி விரதத்தப்ப. மருந்து நல்லா வேலை செய்யணும்னு வேண்டிக்கிட்டாராம். விரதம், சைவம்னா ஐயா ரொம்பக் கண்டிப்பு. தலைவரா இருந்தப்ப பக்கத்து வீட்டு ஐயாசாமி அங்கிளைக் கோயில் சமையல்கட்டுலேருந்து வெளிய அனுப்புனவராச்சே. திருவிழா மாசத்துல அங்கிள் சார்டின் மீன் வச்சுப் பொரிச்ச ஒரு கரிப்பாப் தின்னுட்டாருன்னு."

"ஒரு கரிப்பாப்புக்கா?"

"பாதி கரிப்பாப். மீதியைத்தான் ஐயா கையோட புடிச்சிட்டாரே. அதுலேருந்து ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. அவர் பேரைக்கூட இந்த வீட்டுல சொல்லக்கூடாது."

தங்கராஜு டி பாட்டிலை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நகத்தால் ஏதோ செய்துவிட்டு, பழையபடி அலமாரியில் வைத்தார். முகம் மட்டும் பழையபடி இல்லை. பிறகு உலு திராமில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் ரூபேந்திரனைக் கூப்பிட்டு, மச்சான் தத்துவத்தை விளக்கினார்.

"ஒங்க மச்சான்கிட்டேருந்து போனைப் புடுங்குங்க மொதல்ல," என்றார் ரூபேந்திரன். "டியும் மேக்னீசியமும் சண்டை போடாது. டி ஒடம்புல வேலை செய்யணும்னா மேக்னீசியம் வேணும். டாக்டர் சொன்ன அளவுல, சாப்பாட்டோட ரெண்டையும் சேத்தே போடலாம். வேற மருந்து ஏதாச்சும் எடுத்தா மட்டும் கேட்டுக்கங்க. ஆனா மேக்னீசியம் அதிகமாப் போச்சுன்னா வயிறு கழண்டுடும். அது ஒங்களுக்கே தெரியுமே."

தெரியும். மேக்னீசியம் வாங்கிய புதிதில், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் பாதி நாளில் குணமாகும் என்று தங்கராஜு கணக்குப் போட்டிருந்தார். ஒரு பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவனை உளவு பார்த்துக்கொண்டிருந்தபோது கணக்கு விடை சொன்னது. ஆள் தப்பிவிட்டான். அன்று தங்கராஜு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, தன்னைப் பிடிக்கத்தான் ஓடுகிறார் என்று அவனும் எதிர்த்திசையில் ஓடினான்.

கழிவறைக் கதவு திறந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடுகிற சத்தம் கேட்டது.

"ஐயாவுக்கு எப்பவும் இப்படியா?" என்றார் தங்கராஜு.

"ரொம்ப நாளா இப்படித்தான். வாழைக்காய் சமைச்சுக் குடுத்தேன், மோர் குடுத்தேன். நிக்கல."

"மேக்னீசியம் எத்தனை குடுக்குறீங்க?"

"ஒண்ணுதான். டி ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. பகல் சாப்பாடு முடிஞ்சதும் கையில வச்சுக் குடுப்பேன். தண்ணியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போய்டுவாரு. சூரியனைப் பாத்துக்கிட்டே முழுங்குனாத்தான் டி ஏறுமாம். கதவையும் சாத்திக்குவாரு."

தங்கராஜு லோஷினியைப் பார்த்தார். "ஒடம்புல டி பத்தல. வயித்தைப் பாத்தா மேக்னீசியம் அதிகமா இருக்கு. ஆனா வெள்ளை பாட்டில்ல கணக்கு சரி."

"அப்ப டி வெளிய போகுது, மேக்னீசியம் வெளியேருந்து உள்ள வருது," என்றாள் லோஷினி. "ஏற்றுமதி, இறக்குமதி. போஸ், இது வீடா, துறைமுகமா?"

பகல் சாப்பாட்டுக்குப் பெரியவர் உட்கார்ந்ததும், வெளியே இருக்கும் ஏர்கோன் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி இருவரும் மாடிக்குப் போனார்கள். பின்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னச் சிமெண்டுத் தளம். அதில் ஏர்கோன் பெட்டி. அதற்குப் பின்னால் குந்தினால் கீழே பின்முற்றம் முழுவதும் தெரியும். தங்கராஜு குந்தினார். ஜன்னலுக்குள் நின்ற லோஷினி அவருடைய இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குப் புடிக்கிற?"

"நீங்க விழுந்துட்டா சம்பளத்தை யார்கிட்ட கேக்குறது?"

கீழே பின்கதவு திறந்தது. விசுவலிங்கம் வந்து கதவைச் சாத்தினார். இடது கையில் தண்ணீர் டம்ளர், வலது உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள். சூரியனை அவர் பார்க்கவே இல்லை. நேரே பக்கத்து வீட்டுக் கம்பி வேலிக்கு நடந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நடுவே, கைலி கட்டிய ஒரு பருத்த மனிதர், பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலோடு தயாராக நின்றார்.

இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலிக் கம்பியின் இடைவெளியில் ஒரு கை போனது. பொன்னிறம் அந்தப்பக்கம் போயிற்று. வெள்ளை இந்தப்பக்கம் வந்தது. பிறகு இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் குடிப்பது போல அண்ணாந்து விழுங்கினார்கள்.

தங்கராஜுவின் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு குற்றத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் நேராக இடது கெண்டைக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஆ... ஆஆ!"

கீழே இரண்டு தலைகளும் நிமிர்ந்தன.

"அலமாக்! மேல ஆளு!" என்றார் கைலிக்காரர். அடுத்த நொடியே குரல் மாறியது. "காலு புடிச்சிக்கிச்சா தம்பி? கட்டை விரலை மேல இழு! முட்டியை நீட்டு! எனக்கும் தினம் இதே கதைதான் லா!"

"பிடிச்சிட்டேன் போஸ்," என்றாள் பெல்ட்டைப் பிடித்திருந்த லோஷினி. "கேஸை இல்ல, ஒங்களை."

பின்முற்றத்துக்கு நொண்டி இறங்கி வந்தபோது, விசுவலிங்கம் இன்னும் நிமிர்ந்துதான் நின்றார். 

"இந்த மனுசரோட எனக்குப் பேச்சில்லை," என்றார். "கோயில் விசயத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினதில்லை."

"உண்மைதான்," என்றார் வேலிக்கு அப்பாலிருந்த ஐயாசாமி. "பேசமாட்டாரு. கையை மட்டும் நீட்டுவாரு."

தங்கராஜு தன்னை யாரென்று சொன்னார். மாத்திரை எங்கே போகிறது என்று பார்க்கச் சுபத்திரா கூப்பிட்டதையும் சொன்னார்.  விசுவலிங்கம் வாய் திறப்பதற்குள் ஐயாசாமி முந்திக்கொண்டார்.

"கேஸை என் மேல போடுங்க தம்பி. நான்தான் அவர்கிட்ட ஏமாத்தி வாங்குனேன். ஓசி மருந்துன்னு ஆசை. பஸ் டிரைவர் புத்தி. பொண்ணுகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

விசுவலிங்கம் மெல்லத் திரும்பி, பாதிக் கரிப்பாப்புக்காகத் தான் வெளியே அனுப்பிய மனிதரைப் பார்த்தார்.

"அங்கிள் பொய் சொல்றாரு," என்றாள் லோஷினி. "ஏமாத்துறவங்க பதிலுக்கு மாத்திரை குடுக்கமாட்டாங்க."

"ஐயா," என்றார் தங்கராஜு, "ஏன்னு நான் கேக்கல. சொல்ல இஷ்டமில்லன்னா, என்னால கண்டுபிடிக்க முடியலன்னு ஒங்க மககிட்ட சொல்லிடுறேன். அது எனக்குப் பழக்கம்தான். ஆனா செல்வராணி பையைக் கட்டி வச்சிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் அவங்களைத் திருடின்னு சொல்லி ஊருக்கு அனுப்பப்போறாங்க."

"என்ன?" விசுவலிங்கம் டம்ளரைத் தரையில் வைத்தார். "ஆர் சொன்னது? அவள் எதுக்குத் திருடுறாள்?"

"இது அவங்க பையில இருந்துச்சு." தங்கராஜு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். "மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க. இந்த வேலியோரத்து மண்ணு. எப்பவோ கைமாறும்போது கீழ விழுந்திருக்கு."

பின்கதவு திறந்திருந்தது. செல்வராணி அங்கே நின்றாள்.

"கூட்டும்போது கெடச்சுது ஐயா," என்றாள். "நீங்க மருந்தைத் தூக்கி எறியிறீங்கன்னு நெனச்சேன். அக்காவுக்குத் தெரிஞ்சா ஒங்களைத் திட்டுவாங்க. அதான் எடுத்துப் பையில போட்டேன். ஒங்ககிட்ட தனியாக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அக்கா பாத்துட்டாங்க."

"பார்த்த பிறகாவது சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"சொன்னா ஒங்களைத்தானே திட்டுவாங்க."

விசுவலிங்கம் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வேல் ஒட்டிய பாட்டில். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். நகத்துக்கு அது பிடிபடவில்லை.

"வேண்டாம் ஐயா," என்றார் தங்கராஜு தாழ்ந்த குரலில். "காலையிலேயே ஓரத்தைத் தூக்கிப் பாத்துட்டேன். திரும்ப ஒட்டியும் வச்சிட்டேன்."

"என்ன இருக்கு போஸ் உள்ள?" என்றாள் லோஷினி.

பெரியவரே சொன்னார். "ஜெலட்டின் லெம்பு. மலாய்ல எழுதியிருக்குது. இந்தக் கேப்சூலின்ர தோல் இருக்குதே, அது மாட்டிலேருந்து எடுக்கிறது."

பெரியவர் ஸ்டிக்கரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தொடர்ந்தார்.

"சஷ்டி விரதம். சாப்பாடு இல்லை. பேப்பரைப் படிச்சு முடிச்சாச்சு. வேற ஒண்டும் கிடைக்காமல் பாட்டிலைப் படிச்சன்." அவர் கீழே பார்த்தார். "அதுக்கு முந்தி மாதக் கணக்கா விழுங்கியிருக்கிறன். பூசைக்குப் போகமுந்தி விழுங்கியிருக்கிறன். ஒரு கரிப்பாப்புக்கு ஒரு மனுசனை வெளியாலை அனுப்பினவன் நான். மகளுக்கு எப்பிடிச் சொல்றது? அவள் ஆசையா வாங்கித் தந்தது. அப்பாவுக்கு மாட்டைக் குடுத்திட்டனே எண்டு நித்திரை கொள்ளமாட்டாள்."

"அதனால வேலிக்கு மேல வீசுனாரு," என்று ஐயாசாமி தொடர்ந்தார். "என் கறிவேப்பிலைத் தொட்டியில வந்து விழுந்துச்சு. எனக்கும் டாக்டர் இதே ரெண்டைத்தான் குடுத்திருக்காரு, இதே பாட்டில். பாத்ததும் புரிஞ்சுபோச்சு. 'லெம்புவா, பிரசிடெண்ட்?'னு கேட்டேன். மனுசன் முகம் செத்துப்போச்சு."

"அடுத்த நாள் கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டு இருந்தன்," என்றார் விசுவலிங்கம். "ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"கரிப்பாப்ல நான் பட்ட அவமானம் போதும் லா. இன்னொருத்தருக்கு வேற எதுக்கு?" ஐயாசாமி தலையைச் சொறிந்தார். "நல்ல மருந்தை வீசுறாரேன்னு மனசு கேக்கல. எனக்கோ மேக்னீசியம் போட்டா வயிறு நிக்காது. மாத்திக்கலாம்னேன். கேப்சூலை நான் முழுங்கிடுறேன், முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்னு சொன்னேன். அவரு பாவத்தை நான் முழுங்குறேன். எனக்குப் போகவேண்டிய வயிறு அவருக்குப் போகுது."

லோஷினி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள்.

"ஆனா ஐயா," என்றார் தங்கராஜு, "டியை விட்டுட்டு மேக்னீசியத்தை ரெண்டாப் போட்டா எப்படிச் சரியாகும்?"

"இரண்டும் சேர்ந்து செய்யிற வேலை எண்டு டாக்டர் சொன்னவர். அரசாங்கக் கந்தோர்ல ஒருத்தன் லீவெண்டால் மற்றவனுக்கு இரண்டு பேரின்ர வேலையும் குடுக்கிறதுதானே?"

"குடுத்தா என்ன ஆகும் ஐயா?" என்றாள் லோஷினி.

பெரியவர் யோசித்தார். முப்பத்துச் சொச்ச வருஷ அரசாங்க அனுபவம் அவர் முகத்தில் ஓடி மறைந்தது. "அவன் கழிவறையிலை போய் ஒளிஞ்சுகொள்ளுவான்," என்று ஒப்புக்கொண்டார்.

போனை அவரே கேட்டு வாங்கினார். சுபத்திரா எடுத்தபோது பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம், பொறுக்காமல் அரைநாள் லீவு போட்டுப் பாலத்துக்கு வந்துவிட்டிருந்தாள். பெரியவர் ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல், கரிப்பாப்பில் தொடங்கிக் கேப்சூல் வரை எல்லாவற்றையும் சொன்னார். 

"அப்பா... ஹலால் முத்திரை இருந்துச்சு. சுத்தமானதுன்னு நம்பி வாங்கினேன்பா."

"நீ என்ன செய்வாய் பிள்ளை. நல்லதுக்குத்தானே வாங்கினாய்."

"செல்வராணிகிட்ட போனைக் குடுங்கப்பா."

செல்வராணி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பரவால்லக்கா... பரவால்லக்கா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், "இல்லக்கா, ஒரு தடவை ஐயாகிட்ட கேட்டிருந்தீங்கன்னா போதும்," என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அக்கா அழறாங்க. பாலத்துலேருந்து ஏஜென்சிக்குப் போன் பண்ணி, நானே இருக்கணும்னு சொல்றாங்களாம்."

லோஷினி கதவோரத்துப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வாய் திறக்காமல் அவள் செய்த ஒரே வேலை அன்று அதுதான்.

தங்கராஜு மறுபடி ரூபேந்திரனைக் கூப்பிட்டார். ஜெலட்டின் இல்லாத டி மாத்திரை இருக்கிறது, பாசி மாதிரி ஒன்றிலிருந்து எடுப்பது, வரவழைத்துத் தருகிறேன் என்றார் ரூபேந்திரன். இரண்டு மடங்கு டி போட்டுக்கொண்டிருந்தவரை உடனே நிறுத்தச் சொன்னார். டி அதிகமானால் தாகம் எடுக்கும், எப்போதும் தாகமாக இருக்கிறதென்றால் நாளைக்கே ரத்தம் பார்த்தாகவேண்டும் என்றார். ஐயாசாமி கையிலிருந்த பெரிய போத்தலைக் குற்றவாளி போலக் கீழே வைத்தார்.

"கடையிலை கிடைக்கிற மற்ற டி மாத்திரையெல்லாம் எதிலேருந்து வருகுதாம்?" என்று கேட்டார் விசுவலிங்கம்.

"அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்து எண்ணெ..." என்று தங்கராஜு தொடங்கும்போதே, லோஷினியின் செருப்பு அவர் காலை மிதித்தது. நல்ல கால்தான். அதுவும் பிடித்துக்கொண்டது.

கிளம்பும் நேரம். ஐயாசாமி வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஒரு கேஸ் முடிந்தால் எல்லாரும் சந்தோஷப்படவேண்டும். அவர் முகத்தில் அது இல்லை.

"நல்லதாப் போச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "இனிமே மாத்திக்க ஒண்ணுமில்ல. மத்தியானத்துல நான் இங்க வந்து நிக்கவேண்டிய வேலையும் இல்ல."

விசுவலிங்கம் வேல் ஒட்டிய பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"டிரைவர்," என்றார். கோயில் விஷயத்துக்குப் பிறகு வேலியைத் தாண்டி ஐயாசாமிக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை. "நாளைக்கு ரத்தம் குடுக்கக் கிளினிக்குக்கு எப்பிடிப் போறீர்?"

"என் கார்லதான்."

"நானும் வயிற்றைக் காட்டவேணும்."

ஐயாசாமி தொண்டையைச் செருமினார். "முன் சீட்டா, பின் சீட்டா, பிரசிடெண்ட்?"

"முன் சீட்டு." பெரியவர் வீட்டைப் பார்த்து நடந்தார், பாதியில் நின்றார். "வேலிக்குள்ளாலை கூப்பிடவேண்டாம். வாசல் கேட்டாலை வாரும். செல்வராணி காலையில இடியப்பம் அவிப்பாள்."

உலு திராம் போகும் சாலையில் முதல் சிவப்பு விளக்கு. தங்கராஜு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஊருக்குப் போகவில்லை. இரண்டு கிழவர்கள் சேர்ந்துவிட்டார்கள். கீழே விழாமல் ஒரு வழக்கு முடிந்தது.

"இன்னிலேருந்து ரெண்டையும் சேத்தே போடப்போறேன்," என்று அறிவித்தார். "சாப்பாட்டோட. மச்சானை பிளாக் பண்ணிட்டேன்."

"போஸ்," என்றாள் லோஷினி, ஜன்னல் வழியே எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்தபடி. "நீங்க மாடு சாப்பிடமாட்டீங்கதானே?"

"சேச்சே. எங்க குடும்பத்துல யாருமே தொட்டதில்ல. எங்கப்பா அந்தக் கடை இருக்கிற பக்கமே போகமாட்டாரு."

"சும்மாதான் கேட்டேன்."

விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. தங்கராஜுவின் கை மெல்ல பேண்ட் பைக்குப் போனது. டி பாட்டிலை எடுத்தார். பேப்பர் படிக்கும் கண்ணாடியை மாட்டினார். பின்பக்கம் திருப்பினார். உதடு அசைய, பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

விளக்கு பச்சையானது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கார் நகரவில்லை.

"லோஷினி."

"சொல்லுங்க போஸ்."

"அந்த வேல் ஸ்டிக்கர், இன்னொண்ணு கெடைக்குமா?"